எல்லைக்கோடு இப்போது பில்லில் இருக்கிறது: மதிப்புக் கூட்டு வரி, ஓர் எளிய விளக்கம்

ஓணத்துக்கு முந்தின வாரம். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் சின்னதாக எண்ணெய்ச் செக்கு வைத்திருக்கும் ஒரு தம்பி, பொள்ளாச்சிக் கடை ஒன்றுக்கு 60,000 ரூபாய் தேங்காய் எண்ணெயை டெம்போவில் ஏற்றி அனுப்பினார். எல்லையில் உள்ள கோபாலபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வரித்துறை வண்டி மறித்தது. டிரைவர் கையில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு மட்டும். அன்று ராத்திரி எனக்கு போன் வந்தது.

“அண்ணா, வருசத்துக்குப் பன்னெண்டு லட்சம்கூட ஓடாத செக்குங்க. நாற்பது லட்சத்துக்குக் கீழ இருந்தா ஜிஎஸ்டியே வேண்டாம்னு எல்லாரும் சொல்றாங்களே?”

எல்லாரும் சொல்வது பாதி சரி. மீதிப் பாதி தெரியாததால்தான் அந்த டெம்போ இரண்டு நாள் ரோட்டோரம் நின்றது. எல்லையின் இரண்டு பக்கமும் உள்ள கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில், இந்த வரியை அடியிலிருந்து விளக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்வதைவிட, இந்த வரி எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை பிடித்துக்கொண்டால் விதிகள் தானாகவே மனதில் நிற்கும்.

கொப்பரையை வைத்தே பார்ப்போம். தோட்டத்துக்காரர் தேங்காய் விற்கிறார். தேங்காய்க்கு வரி கிடையாது. பொள்ளாச்சிப் பக்கம் களம் வைத்திருப்பவர் அதை வாங்கி, உடைத்து, காயவைத்துக் கொப்பரையாக்கி, காங்கயத்தில் உள்ள ஆயில் மில்லுக்கு 1,00,000 ரூபாய்க்கு விற்கிறார். கொப்பரைக்கு வரி 5 சதவீதம். பில்லில் 5,000 ரூபாய் சேர்த்து வாங்கி, அதை அரசுக்குக் கட்டுகிறார். மில்காரர் எண்ணெய் ஆட்டி, 1,30,000 ரூபாய்க்கு மொத்த வியாபாரிக்குக் கொடுக்கிறார். எண்ணெய்க்கும் 5 சதவீதம், அதாவது 6,500 ரூபாய். ஆனால் அவர் 6,500 ரூபாயும் கட்டத் தேவையில்லை. கொப்பரை வாங்கும்போது 5,000 ரூபாய் வரி கொடுத்திருக்கிறார் இல்லையா, அதைக் கழித்துக்கொண்டு 1,500 ரூபாய் கட்டினால் போதும். மொத்த வியாபாரி 1,40,000 ரூபாய்க்குச் சில்லறைக் கடைக்கு விற்கிறார். வரி 7,000. கழித்தது போக அவர் கட்டுவது 500. கடைக்காரர் மக்களுக்கு 1,60,000 ரூபாய்க்கு விற்கிறார். வரி 8,000. அவர் கட்டுவது 1,000.

இப்போது கூட்டிப் பாருங்கள். 5,000, 1,500, 500, 1,000. மொத்தம் 8,000 ரூபாய். கடைசியாக விற்ற 1,60,000 ரூபாய்க்கு 5 சதவீதம் எவ்வளவோ, அதேதான். நான்கு பேர் கட்டினாலும், வரி ஒருமுறைதான் விழுந்திருக்கிறது. அவரவர் சரக்கில் எவ்வளவு மதிப்பைக் கூட்டினார்களோ அந்த அளவுக்கு மட்டும் அவரவர் கட்டினார்கள். மதிப்புக் கூட்டு வரி என்ற பெயர் வந்தது இதனால்தான். முழுச் சுமையும் கடைசியில் எண்ணெய் வாங்கித் தாளிக்கிற வீட்டின் மேல் விழுகிறது. நடுவில் உள்ள வியாபாரிகள் வசூலித்துக் கட்டுகிறவர்கள் மட்டுமே.

வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வதை உள்ளீட்டு வரி வரவு என்று சட்டத் தமிழில் சொல்வார்கள். கடைத்தெருவில் ‘இன்புட் எடுப்பது’ என்றால் எல்லாருக்கும் புரியும். இந்த இன்புட்டுக்கு ஆதாரம் பில். பில் இல்லாமல் யாராவது ஒருவர் சரக்கு வாங்கினால் சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிடும். முன்னால் உள்ளதைக் கழிக்க முடியாமல், தன் விற்பனைக்கான முழு வரியையும் அவரே சுமக்க வேண்டியதுதான். ‘பில் வேண்டாம், கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்’ என்று யாராவது சொன்னால், குறைத்துத் தரும் தொகையையும் நீங்கள் இழக்கும் இன்புட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இந்த முறையை 1954-ல் பிரான்ஸில் கொண்டுவந்தவர் மோரிஸ் லொரே என்ற வரித்துறை அதிகாரி. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே நம் பக்கம் விற்பனை வரி வந்துவிட்டது. 1939-ல் ராஜாஜி அரசு மெட்ராஸ் மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தபோது, பாலக்காடும் மலபார் மாவட்டமாக அந்த மாகாணத்துக்குள்தான் இருந்தது. கொழிஞ்சாம்பாறை அடங்கிய எங்கள் சித்தூர் தாலுகா மட்டும் கொச்சி சமஸ்தானம். 1956 நவம்பர் 1-ல் கேரளம் பிறந்த பிறகுதான் இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி என்று ஆனது. பழைய விற்பனை வரியில் கழித்துக்கொள்ளும் வழி சரியாக இல்லை. முன்பு கொடுத்த வரி சரக்கின் விலைக்குள் கலந்துவிடும், அதன் மேல் மறுபடியும் வரி ஏறும்.

அதை மாற்றத்தான் மதிப்புக் கூட்டு வரி, ஆங்கிலச் சுருக்கத்தில் வாட், வந்தது. கேரளத்திலும் ஆந்திரத்திலும் 2005 ஏப்ரல் 1 முதல், தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல். நடுவில் 21 மாதம் எல்லைக்கு இந்தப் பக்கம் வாட், அந்தப் பக்கம் பழைய விற்பனை வரி. ஆனால் வாட்டிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது, அது நம்மைப் போன்ற எல்லையோரத்துக்காரர்களைத்தான் அதிகம் வாட்டியது. கழிக்கும் சங்கிலி மாநிலத்துக்குள் மட்டும்தான் ஓடியது. சரக்கு எல்லையைத் தாண்டினால் மத்திய விற்பனை வரி. வாங்குகிற வியாபாரி சி பாரம் என்ற படிவம் கொடுத்தால் கடைசிக் காலத்தில் 2 சதவீதம். அந்த 2 சதவீதத்தை வாங்கினவர் எங்கும் கழிக்க முடியாது. கோபாலபுரத்திலும் வாளையாறிலும் சங்கிலி அறுந்தது. வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்ற காலம் பழைய டிரைவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

2017 ஜூலை 1-ல் வந்த ஜிஎஸ்டியும் மதிப்புக் கூட்டு வரிதான். பெயர்தான் மாறியது, உள்ளே ஓடும் கணக்கு மேலே சொன்ன கொப்பரைக் கணக்கு. மாறிய முக்கியமான விஷயம், சங்கிலி இப்போது எல்லை தாண்டியும் அறுவதில்லை. மாநிலத்துக்குள் விற்றால் வரி இரண்டாகப் பிரியும். 5 சதவீதம் என்றால் மத்திய ஜிஎஸ்டி இரண்டரை, மாநில ஜிஎஸ்டி இரண்டரை. வெளிமாநிலத்துக்கு விற்றால் ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி என்று ஒரே வரியாக 5 சதவீதம். இதை ஐஜிஎஸ்டி என்கிறோம். வாங்குகிறவர் அந்த ஐஜிஎஸ்டியைத் தன் ஊரில் முழுதாகக் கழித்துக்கொள்ளலாம்.

அதே கொப்பரைக் கணக்கில் மொத்த வியாபாரியும் கடைக்காரரும் பாலக்காட்டில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் ஒவ்வொருவர் கட்டும் தொகை மாறாது. மொத்தம் அதே 8,000. ஆனால் அதில் மாநிலப் பங்கான 4,000 ரூபாய் முழுவதும் கேரளத்துக்குப் போகும். களத்துக்காரர் தமிழ்நாட்டுக்குக் கட்டிய பங்குகூட, அரசுகளுக்கு இடையிலான கணக்குத் தீர்வில் கடைசியாகக் கேரளத்துக்கே வந்து சேரும். எண்ணெய் எங்கே சமையலுக்குப் போகிறதோ அந்த மாநிலத்துக்குத்தான் வரி. எல்லையோர விதிகள் எல்லாமே இந்த ஒரு கொள்கையிலிருந்து வருபவை. சாவடி போய்விட்டது, கோடு போகவில்லை. ரோட்டில் இருந்த கோடு உங்கள் பில்லுக்குள் வந்துவிட்டது.

பதிவு யாருக்கு வேண்டும்?

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். சரக்கு மட்டும் விற்கிறவருக்கு, ஒரு நிதியாண்டில் மொத்த விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் தாண்டினால் பதிவு கட்டாயம். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் மூன்றிலும் இதே வரம்புதான். புதுச்சேரியிலும் தெலங்கானாவிலும் 20 லட்சம். சேவை செய்கிறவர்களுக்கு, அதாவது ரிப்பேர் கடை, ஸ்டூடியோ, கான்ட்ராக்ட் வேலை போன்றவற்றுக்கு, நம் மூன்று மாநிலங்களிலும் 20 லட்சம். ஒரே பான் எண்ணில் எத்தனை கடை இருந்தாலும் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். வரியில்லாத சரக்கின் விற்பனையும் இந்தக் கூட்டலில் சேரும். காய்கறியும் சில்லறை அரிசியும் 30 லட்சம், சோப்பும் பேஸ்ட்டும் 12 லட்சம் விற்கிற மளிகைக் கடைக்குப் பதிவு வேண்டும். ‘வரி போடற சரக்கு 12 லட்சம்தானே’ என்று விட்டுவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, தம்பிக்கு 12 லட்சம்கூட இல்லையே? அவர் மாட்டிக்கொண்டது வேறு விதியில். வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு இருந்தாலும் பதிவு கட்டாயம். ஒரே ஒரு டின் அனுப்பினாலும் அப்படித்தான். 40 லட்சச் சலுகை மாநிலத்துக்குள் விற்கிறவருக்கு மட்டும். மதுரைக்காரருக்கோ கோட்டயத்துக்காரருக்கோ இந்த விதி அடிக்கடி குறுக்கே வராது. நமக்கு அடுத்த மாநிலம் என்பது டவுன் பஸ்ஸில் போய்வருகிற தூரம், அதனால் தெரியாமலே தாண்டிவிடுகிறோம்.

இதில் சில விலக்குகளும் உண்டு. தன் நிலத்தில் விளைந்ததை விற்கிற விவசாயிக்குப் பதிவு வேண்டாம். வரியே இல்லாத சரக்கை மட்டும் விற்கிறவருக்கும் வேண்டாம். அதனால் தேங்காயையும் நேந்திரன் தாரையும் காய்கறியையும் எல்லை தாண்டி விற்கிறவர் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. அதே தேங்காயை ஒரு வியாபாரி கொப்பரையாக்கி அனுப்பினால் கதை மாறிவிடும். சேவைக்கும் ஒரு தளர்வு இருக்கிறது. பக்கத்து மாநிலத்துக்கு வேலை செய்து கொடுத்தாலும் 20 லட்சம் வரை பதிவு தேவையில்லை.

அப்புறம், கடைக்கு நேரில் வந்து வாங்கிப் போகிறவர்கள். கொழிஞ்சாம்பாறைக் கடையில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வந்து வீட்டுக்கு இரண்டு லிட்டர் எண்ணெய் வாங்கினால் அது வெளிமாநில விற்பனையா? 2023 அக்டோபர் 1 முதல் இதற்குத் தெளிவான விதி இருக்கிறது. வாங்குகிறவர் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருந்தால், பில்லில் எழுதிய அவருடைய முகவரி எந்த மாநிலமோ அங்கே விற்றதாகக் கணக்கு. முகவரி எழுதவில்லை என்றால் கடை இருக்கும் மாநிலத்திலேயே விற்றதாகக் கணக்கு. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் போகிற வரிச் சரக்கு பில்லில், பதிவு பெற்ற கடைக்காரர் வாங்குகிறவரின் பெயரும் முகவரியும் எழுதியே ஆக வேண்டும். கல்யாணச் சீருக்கு எல்லை தாண்டி வந்து பாத்திரமும் பிரிட்ஜும் வாங்குகிற குடும்பங்களுக்குப் பில் போடும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

பதிவுக்கு அரசாங்கக் கட்டணம் எதுவும் இல்லை. கிடைப்பது 15 இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, கேரளம் 32, ஆந்திரம் 37. அடுத்த பத்து எழுத்து உங்கள் பான் எண். யாராவது பில் கொடுத்தால் முதல் இரண்டு இலக்கத்தை உடனே பார்த்துவிடுவது நல்ல பழக்கம். 33-லிருந்து 32-க்கு வந்த பில்லில் ஐஜிஎஸ்டி இல்லாமல் இரண்டு பாதியாக வரி போட்டிருந்தால், அங்கேயே நிறுத்தி மாற்றி வாங்குங்கள். பின்னால் இன்புட் எடுக்கும்போது தகராறு வரும்.

பதிவு மாநிலத்துக்கு மாநிலம் தனி. எல்லையில் உள்ள மீனாட்சிபுரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் ஒரு குடோன் என்றால் இரண்டு பதிவு. சொந்தக் குடோனிலிருந்து சொந்தக் கடைக்குச் சரக்கு போனாலும், எல்லை தாண்டினால் வரிப் பில் போட வேண்டும். ‘என் சரக்கு என் கடைக்குப் போறதுக்கு எதுக்குங்க பில்லு?’ என்று எல்லாருமே முதலில் கேட்பார்கள். சட்டத்தின் கண்ணில் 32-ம் 33-ம் இரண்டு தனி ஆட்கள். கட்டிய வரி அந்தப் பக்கம் இன்புட்டாக வந்துவிடும், நஷ்டம் இல்லை. ஆனால் பில் இல்லாவிட்டால் வண்டி நின்றுவிடும். சபரிமலை சீசனுக்குக் கேரளத்தில் தற்காலிகமாகக் கடை போடுகிற நம் ஆட்களுக்கு, தற்காலிக வரிதாரர் என்று 90 நாள் பதிவு உண்டு. கடை தொடங்க 5 நாள் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும், உத்தேச வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும்.

சின்ன வியாபாரிகளுக்குத் தொகுப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. காம்போசிஷன் என்றால்தான் தெரியும். விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை உள்ள கடைக்காரர்கள் விற்பனையில் 1 சதவீதம் கட்டிவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுருக்கமான கணக்கும் வருடத்துக்கு ஒருமுறை ஆண்டுக் கணக்கும் கொடுத்தால் போதும். உணவகத்துக்கு 5 சதவீதம். இந்தத் திட்டத்தில் இருப்பவர் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கக் கூடாது, இன்புட்டும் கிடையாது. உள்ளூர் மளிகைக் கடைக்கு இது நல்ல ஏற்பாடு என்பதுதான் என் எண்ணம். ஆனால் காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே கூடாது. அங்கிருந்து வாங்கலாம், அங்கே விற்க முடியாது. செக்குக்காரத் தம்பிக்கு இந்த வழி அடைபட்டது இதனால்தான்.

சரக்கு கிளம்பும்போது

வண்டியில் பில்லோடு இ-வே பில்லும், அதாவது சரக்கு போகும் விவரத்தை இணையத்தில் பதிந்து எடுக்கும் சீட்டும், வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல், 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள வரிச் சரக்கு மாநிலம் தாண்டினால் இது கட்டாயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம். பொள்ளாச்சியில் பழகினவர்கள் அந்த ஒரு லட்சத்தையே மனதில் வைத்துக்கொண்டு பாலக்காட்டுக்கு வண்டி அனுப்பி மாட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று, மதிப்பு என்பது வரியையும் சேர்த்து. 48,000 ரூபாய்ச் சரக்குக்கு 5 சதவீதம் சேர்த்தால் 50,400. வரம்பைத் தாண்டிவிட்டது. இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். நம் தூரத்துக்கு ஒரு நாள் தாராளம், ஆனால் வண்டி மாறினால் வண்டி எண்ணையும் மாற்றிப் பதிய வேண்டும்.

இல்லாமல் பிடிபட்டால், சரக்குக்கு உரியவர் முன்வரும்போது அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு. தம்பியின் 60,000 ரூபாய்ச் சரக்குக்கு வரி 3,000, அபராதம் 6,000. யாரும் உரிமை கேட்டு வராவிட்டால் அபராதம் சரக்கு மதிப்பில் பாதி அல்லது வரியைப் போல இரண்டு மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. தம்பி மறுநாளே போய் நின்றது நல்லதாயிற்று.

பதிவு எடுத்த பிறகு மாதாமாதம் இரண்டு வேலை. விற்ற பில்களின் விவரத்தை ஜிஎஸ்டிஆர் 1 என்ற படிவத்தில் அடுத்த மாதம் 11-ம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். வரிக் கணக்கை 3பி படிவத்தில் 20-ம் தேதிக்குள் கொடுத்துக் கட்ட வேண்டும். விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் ரிட்டர்ன் எனப்படும் இந்தக் கணக்குகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வரியை மட்டும் முதல் இரண்டு மாதமும் அடுத்த மாதம் 25-ம் தேதிக்குள் கட்டிவர வேண்டும். ஒன்றுமே விற்காத மாதத்துக்கும் ‘ஒன்றுமில்லை’ என்று ரிட்டர்ன் போட வேண்டும். மறந்தால் நாளுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்தால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். கட்டாத வரிக்கு வருடத்துக்கு 18 சதவீதம் வட்டி. தொடர்ந்து இரண்டு ரிட்டர்ன் விட்டுவிட்டால் இ-வே பில் போடவே முடியாமல் முடக்கிவிடுவார்கள். எல்லை தாண்டி வியாபாரம் செய்கிறவருக்கு அது கடையை மூடுவதற்குச் சமம்.

இன்புட் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் பில் இருந்தால் மட்டும் போதாது. உங்களுக்கு விற்றவர் அந்தப் பில்லைத் தன் ரிட்டர்னில் ஏற்றியிருக்க வேண்டும். ஏற்றினால், நீங்கள் வாங்கிய பில்களை ஜிஎஸ்டி இணையதளத்தில் காட்டும் உங்கள் 2பி பட்டியலில் தெரியும். தெரியாவிட்டால் கழிக்க முடியாது, உங்கள் கைக்காசு போகும். நீங்கள் பில் தொகையை 180 நாளுக்குள் கொடுத்திருக்கவும் வேண்டும். மொத்தச் சரக்கு வாங்குவதற்கு முன், விற்பவரின் எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டு அவர் ரிட்டர்ன் ஒழுங்காகக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாலக்காட்டு லாட்ஜில் தங்கிய பில்லில் கேரள மாநில வரி இருக்கும், அதை 33 எண்காரர் கழிக்க முடியாது. வீட்டுச் செலவுக்கும் இன்புட் கிடையாது.

வரி விகிதங்கள் அவ்வப்போது மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் 12, 28 சதவீத அடுக்குகள் பெரும்பாலும் போய், 5, 18, சிலவற்றுக்கு 40 என்று ஆகியிருக்கிறது. சோப்பும் பேஸ்ட்டும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் 18-லிருந்து 5-க்கு வந்தன. சின்ன பாட்டில் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பரில் அது சமையல் எண்ணெய்தான் என்று தீர்ப்பு வந்தது. இப்போது இரண்டுக்கும் 5 சதவீதம் என்பதால் நம் செக்குக்காரர்களுக்கு அந்தத் தலைவலி தீர்ந்தது.

வாட் என்ற பெயர் முழுதாகப் போய்விடவும் இல்லை. பெட்ரோல், டீசல், மதுபானம் இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியே, மாநில வாட்டில்தான் இருக்கின்றன. கேரளப் பதிவு வண்டிகள் கோபாலபுரம் தாண்டி வந்து டீசல் போடுவதும், ஆந்திர எல்லையில் நகரிப் பக்கத்து வண்டிகள் திருத்தணிப் பக்கம் வந்து நிரப்புவதும் இரண்டு பக்கத்து வாட் ஒன்றாக இல்லாததால்தான். அந்த டீசலில் கொடுத்த வரியை டெம்போக்காரர் எங்கும் கழிக்க முடியாது.

தம்பி பதிவு எடுத்துவிட்டார். 32-ல் தொடங்கும் எண் செக்கின் பெயர்ப் பலகையில் ஏறியிருக்கிறது, சட்டப்படி அதுவும் கட்டாயம்தான். முதல் பில்லைப் பொள்ளாச்சிக் கடைக்கு என் முன்னாலேயே எழுதினார். வரிசை எண், தேதி, இரண்டு பேருடைய ஜிஎஸ்டி எண், சரக்கின் குறியீட்டு எண், மதிப்பு, ஐஜிஎஸ்டி 5 சதவீதம், சரக்கு சேரும் மாநிலம் தமிழ்நாடு. பழைய பில்களை ஆறு வருடத்துக்கும் மேல் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னதும், எண்ணெய் படாத இடமாகப் பார்த்து ஒரு தகரப் பெட்டியை வாங்கி வைத்திருக்கிறார்.